நான் ‘ஹரி’ என்று சொன்ன நேரம்

எந்தப் பதிவுப் பெட்டி நல்லது, ஒரு வீட்டுக்கு எத்தனை காவல் கெமரா போடலாம், எந்த வயர் தாங்கும் என்று கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். ஹட்டனில் இருந்து வருகிறீர்கள், நுவரெலியாவில் இருந்து வருகிறீர்கள், தலவாக்கலையில் புதிதாகக் கடை போட்ட தங்கச்சியும் அன்றைக்கு வந்து போனாள். முட்டி தேய்ந்து ஏணி ஏறுவதையே விட்டுவிட்ட மனுசனிடம் கேட்க உங்களுக்கு வேறு கேள்வி கிடைக்கவில்லையா?

சரி, கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன். உள்ளே முழுக்கச் செம்பு இருக்கிற வயரை வாங்குங்கள். செம்பு பூசின மலிவு வயரை நம்மூர் ஈரம் ஒரு மழைக்காலத்துக்குள் தின்றுவிடும். கூரைக்குள்ளே ஒட்டுப் போடாதீர்கள். மூடுபனி இறங்குகிற வாசலில் கெமராவின் சொந்த வெளிச்சத்தை நம்பாதீர்கள், வெள்ளைச் சுவர் மாதிரி பனிதான் தெரியும். வாசலில் ஒரு பல்ப் போடச் சொல்லுங்கள். இடி விழுகிற மலை இது, எர்த் இல்லாமல் ஒன்றையும் பூட்டாதீர்கள். முடிந்தது. இதற்கு நான் தேவையில்லை. இரண்டு மழைக்காலம் போனால் நீங்களே கற்றுக்கொள்வீர்கள்.

நான் சொல்ல வருவது வேறு. அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும். கோபம் வராமல் இதைச் சொல்லக்கூடிய ஆளாக நான் ஆகிவிட்டால் அதுதான் கேவலம்.

நான் முதன்முதலில் ஒரு வீட்டுக்குக் கெமரா பூட்டியது தொண்ணூறுகளின் கடைசியில், நானுஓயாவில். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இங்கே படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு மாஸ்டர் வீடு. அவருடைய மனைவிக்கு ஒரு பக்கம் விளங்காமல் போய்ப் படுக்கையில் இருந்தார். மாஸ்டர் பள்ளிக்கூடம் போனால் வீட்டில் அந்த அம்மா தனி. கதவைத் தட்டுவது யார் என்று தெரியாமல் பயந்துபோய்க் கிடப்பார். கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன டீவி, வாசலில் ஒரு கறுப்பு வெள்ளைக் கெமரா, இரண்டுக்கும் இடையில் ஒரு வயர். அவ்வளவுதான் வேலை.

நான் கெட்டிக்காரத்தனமாக ஒன்று சொன்னேன். “மாஸ்டர், அம்மா ரூமுக்குள்ளயும் ஒண்ணு போட்டா, நீங்க முன்னறையில இருந்தே அவங்களப் பாத்துக்கலாம்.”

மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “வாசல்ல ஆர் நிக்கினமெண்டு அவ பார்க்கோணும், தம்பி. அவவை ஒருத்தரும் ஒளிச்சுப் பார்க்கத் தேவையில்லை. எனக்கு அவவைப் பார்க்கோணுமெண்டால் நான் எழும்பிப் போய்ப் பார்ப்பன்.”

அன்றைக்கு எனக்கு அது ஒரு வாத்தியாருடைய பிடிவாதமாகத்தான் தெரிந்தது. யார் பார்க்கப் போகிறார்கள், யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று முதலில் கேட்கிறவன்தான் கெமரா வாங்கத் தெரிந்தவன். அந்த மனுசனுக்குக் கெமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி தெரிந்திருந்தது. தொழில்காரனான எனக்குத் தெரியவில்லை.

பிறகு இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருசங்களில் பதிவு செய்கிற பெட்டிகள் வந்துவிட்டன. நான் ஹட்டனில் சொந்தமாகத் தொழில் செய்துகொண்டிருந்தேன். வட்டகொடை பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்தவன், ஹட்டன் டவுனில் என் பெயர் எழுதின பலகை மாட்டியிருந்தேன். அந்தப் பலகையின் மேல் எனக்கு இருந்த பெருமையைத் தெரிந்துகொண்டால்தான் இனி சொல்லப்போவது உங்களுக்கு விளங்கும்.

ஒரு மொத்த வியாபாரி கூப்பிட்டு அனுப்பினார். சரிவில் கட்டின பெரிய வீடு. முன் கேட், பின்னால் கால்வாய் ஓரமாக யாரும் ஏறி வரக்கூடிய ஒற்றையடிப் பாதை, பக்கத்தில் வாகனக் கொட்டகை. நான் சுற்றிப் பார்த்துவிட்டு, கேட்டுக்கு ஒன்று, பின் பாதைக்கு ஒன்று, கொட்டகைக்கு ஒன்று, முன் வாசலுக்கு ஒன்று, நாலு போதும் முதலாளி என்றேன்.

அவர் சிரித்தார். “வெளியில இருந்து வர்றவனுக்கு நாய் இருக்கு தம்பி. உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் கெமரா. கேட்டுக்கு ஒண்ணு போடு. மத்த மூணையும் வீட்டுக்குள்ள போடு. குசினிக்கு ஒண்ணு, எங்க ரூம் கதவு தெரியுற மாதிரி நடையில ஒண்ணு, வேலக்காரி படுக்கிற ரூம் வாசலுக்கு ஒண்ணு.”

எனக்கு உறைத்தது. உறைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காசு கொடுக்கிறவர் சொல்கிறார், பூட்டுகிறவன் பூட்டுகிறான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நீங்களும் இதைச் சொல்வீர்கள். போன கிழமை உங்களில் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அப்போது நான் ஏன் எழுந்து உள்ளே போனேன் என்று இப்போது விளங்குகிறதா?

அந்த வீட்டில் வேலைக்கு இருந்தவர் ராஜேஸ்வரியக்கா. மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர். மகளைப் படிப்பிக்க வேண்டும் என்று தோட்டத்தில் வேலைக்குப் பதிந்திருந்த பேரை விட்டுவிட்டு டவுனுக்கு வீட்டு வேலைக்கு வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். குசினியில் நான் ஏணி மேல் நின்று துளை போட்டுக்கொண்டிருக்கும்போது, “தம்பி, டீ ஆறுது. குடிச்சிட்டு ஏறுங்க” என்று கோப்பையை நீட்டினார். தூசி தேங்காயில் விழாமல் ஒரு தட்டால் மூடினார். பிறகு கேட்டார்:

“இது என்னங்க தம்பி, கண்ணு மாதிரி?”

நான் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னேன். “சும்மாதாங்கக்கா. நெருப்புக் கிருப்புப் புடிச்சா தெரியும்.”

அந்தப் பொய்யை யாரும் என்னிடம் கேட்டு வாங்கவில்லை. முதலாளி சொல்லச் சொல்லவில்லை. உங்களைப் பார்க்கிறதுக்குத்தான் இது என்று அந்த மனுசியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்ல வெட்கப்படுகிற இடத்தில் கெமராவைப் பூட்டக் கூடாது. அதை அன்றைக்கு யோசித்திருந்தால் நான் ஏணியை விட்டு இறங்கியிருப்பேன்.

இன்னொரு தவறும் இருந்தது. அது தொழில் தவறு. பதிவு பெட்டிக்குள் கடிகாரத்துக்கென்று ஒரு சின்ன பெட்டரி இருக்கும், உங்களுக்குத் தெரியும். அந்தப் பெட்டியில் அது பலவீனம். கரண்ட் போகிற நேரமெல்லாம் கடிகாரமும் நின்றுவிடும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்தில் இருந்து ஓடும். திகதி சரியாக இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. நேரம் மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டே போகும். பூட்டி ஒரு மாதம் கழித்துப் போனபோது இருபது நிமிசம் பிந்தியிருந்ததைப் பார்த்தேன். சரியாக வைத்தேன். அடுத்த முறை கண்டிக்குப் போகும்போது புது பெட்டரி வாங்குவோம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் என் சாமான் மட்டம் என்று நினைப்பார் அல்லவா? கண்டிக்கும் போகவில்லை.

பிறகு ஒரு கிழமை அடை மழை. மரம் விழுந்து கம்பி அறுந்து, கரண்ட் போகிறது வருகிறது, போகிறது வருகிறது. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நாளுக்கு மறுநாள் காலை முதலாளி வீட்டில் இருந்து அவசரமாக ஆள் வந்தது.

போனால் முன்னறையில் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதலாளி, முதலாளியம்மா. கதவோரம் ராஜேஸ்வரியக்கா நின்றுகொண்டிருந்தார், சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. முதலாளியம்மாவின் கழுத்து அட்டியலைக் காணவில்லை. முந்தின நாள் காலை கோயிலுக்குப் போகும்போது ரூமில் மேசை மேல் வைத்துவிட்டுப் போனாராம், பத்து மணியில் இருந்து பதினொன்று வரை கோயிலில் இருந்தாராம், அந்த நேரம் வீட்டில் இருந்தது வேலைக்காரி மட்டும்தானாம்.

“போட்டுக் காட்டு தம்பி” என்றார் முதலாளி.

நான் போட்டேன். டீவியில் நாலு கெமராவின் படமும் நாலு கட்டமாகத் தெரிகிற மாதிரிதான் அந்தப் பெட்டி காட்டும். முந்தின நாள் பத்து மணிக்கு வைத்து ஓட்டினேன். பத்து இருபதுக்கு நடையில் இருந்த கெமராவின் கட்டத்தில் ராஜேஸ்வரியக்கா வந்தார். முதலாளி ரூம் கதவைத் திறந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கம்பளிப் போர்வையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“பாத்தீங்களா!” என்றார் முதலாளியம்மா. “போர்வைக்குள்ள வச்சுத்தான் கொண்டு போறா!”

“அம்மா, நீங்கதானேங்கம்மா கூப்பிட்டீங்க?” ராஜேஸ்வரியக்கா கையெடுத்துக் கும்பிட்டார். “வெயில் வந்துருச்சு, போர்வைய எடுத்துக் காயப்போடுன்னு நீங்கதானே சொன்னீங்க? மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்தீங்களே!”

“எந்த மத்தியானம்? அங்க என்ன மணி காட்டுது பாரு. பத்து இருவது. நான் கோயில்ல இருந்தேன்.”

எல்லாருடைய கண்ணும் நடைக் கட்டத்தில் இருந்தது. என் கண் மட்டும் மேலே வலது பக்கக் கட்டத்துக்குப் போனது. அது கேட் கெமரா. அதில் ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, முதுகில் பை. மேலே பள்ளிக்கூடம், கீழே டவுன். பிள்ளைகள் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு பேர் இல்லை, ரோடு நிறைய.

பத்து இருபதுக்கு எந்தப் பள்ளிக்கூடம் விடும்?

நான் உடனே கண்டுபிடித்தேன். அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது, இது பின்னேரம் இரண்டு மணி, கடிகாரம் பிந்திவிட்டது, இந்த மனுசி சொல்வது உண்மை. பிறகுதான் தெரிந்தது, வீட்டுக்குப் போய்த்தான் யோசித்தேன் என்று பல வருசம் என் மனைவியிடம்கூடச் சொல்லிவந்தேன். அது பொய். உங்களிடம் சொல்கிறேன், அங்கேயே தெரியும்.

சார்ஜன்ட் என் பக்கம் திரும்பினார். நிதானமான மனுசன். திரையில் இருக்கிற நேரம் சரியா என்று சிங்களத்தில் கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். அவருடைய தம்பி நுவரெலியாவில் கட்டுகிற வீட்டுக்கும் நான்தான் கெமரா பூட்டுவதாகப் பேச்சு. என் கடைப் பலகை கண்ணுக்குள் வந்தது. கடிகாரம் பிழை என்று நான் சொன்னால், இவன் பூட்டுகிற சாமானெல்லாம் பிழை என்று டவுன் முழுக்கப் பரவும். இன்னொன்றும் இருந்தது. யுத்தம் ஓயாத அந்த வருசங்களில் பொலிஸ்காரர் முன்னால் அடையாள அட்டையை எடுத்து நீட்டி, அதிலே இருக்கிற லயத்து விலாசத்தை அவர் வாசிக்கிறவரைக்கும் நிற்கிற நிலை எப்படிப்பட்டதென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் அப்பாமாரிடம் கேளுங்கள். பெரிய மனுசர் வீட்டில், பெரிய மனுசர் பேச்சுக்கு எதிராக, பொலிஸ் முன்னால் வாயைத் திறக்க எனக்குப் பயம்.

“ஹரி, சேர்” என்றேன்.

சிங்களத்தில் சரி என்கிற ஒரே வார்த்தை. ராஜேஸ்வரியக்கா அழவில்லை. என்னையே பார்த்தார். சார்ஜன்ட் எழுந்து, வா என்று கையைக் காட்டியதும், செருப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வெறும் காலோடு ஜீப்பில் ஏறினார்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். குனிய வேண்டாம். என்னைத் திட்டுங்கள். திட்டிவிட்டு, உங்களை இப்படி ஒரு முன்னறையில் யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்துக் கேட்கும் நாளுக்குத் தயாராகுங்கள். அந்த நாள் வரும். வயரைப் பிடித்த எல்லாருக்கும் வரும். தெரியாது, சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிற வாக்கியத்தை இப்போதே வாயில் பழக்கி வையுங்கள். அந்த வாக்கியம் அன்றைக்கு என்னிடம் இல்லை.

மறுநாள் காலையில் கடையைத் திறக்க நடந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதிரே ஏறி வந்தார்கள். வெள்ளைச் சட்டை, முதுகில் பை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நேரே பொலிசுக்குப் போனேன்.

சார்ஜன்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, நேற்று ஹரி என்று சொன்னது வேறு யாருடைய வாயா என்று கேட்டார். நான் என்னுடைய வாய்தான் என்றேன். அவர் என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

முதலாளி வாசலிலேயே மறித்தார். “பெட்டி என்னோடது. நேத்துக் காட்டியாச்சு. இனி ஒருத்தரும் தொட வேணாம்.” என் பக்கம் திரும்பி, “எத்தன பேர் வந்து கேட்டாங்க, ஒனக்குத்தானேடா இந்த வேலையக் குடுத்தேன்?” என்றார்.

சார்ஜன்ட் அவரைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பெட்டியின் நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் பிந்தியிருந்தது. பிறகு படத்தை ஓட்டினேன். கேட் கட்டத்தில் பிள்ளைகளைக் காட்டினேன். பெட்டியில் விடிகாலை ஆறேகாலுக்கு மேல் வைத்து ஓட்டினேன், உண்மையான பத்து மணி அதுதான். அந்த ஒரு மணி நேரம் முழுக்க ராஜேஸ்வரியக்கா குசினிக் கட்டத்தில் இருந்தார். தேங்காய் துருவினார், அரிசி கழுவினார், சட்டி தேய்த்தார். ஒரு முறைகூட அந்தக் கட்டத்தை விட்டுப் போகவில்லை.

சார்ஜன்ட் முதலாளியம்மாவிடம் திரும்பினார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நீங்கள் வீட்டில் இருந்தீர்களா என்று கேட்டார். இருந்தேன் என்றார். போர்வையைக் காயப்போடச் சொன்னீர்களா என்று கேட்டார்.

முதலாளியம்மா வளையலைத் திருகினார். “சொன்னேன் போலதான். மறந்துட்டேன்.”

மறந்துட்டேன்! முந்தாநாள் சொன்னதை, அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டு ஞாபகப்படுத்தியும், மறந்துட்டேன். திரையில் பத்து இருபது என்று தெரிந்ததும் தன் சொந்த ஞாபகத்தைவிட அது வசதியாக இருந்தது. அவ்வளவுதான்.

கெமராதானே கடைசியில் அவரைக் காப்பாற்றியது என்று உங்களில் யாராவது சொன்னால் எழுந்து வெளியே போய்விடுங்கள். குசினியில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு மனுசியை, தான் வேலைதான் செய்தேன் என்று நிரூபிக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்ததே அந்தக் கெமரா. பூட்டியது நான்.

பொலிஸ் வாசலில் ராஜேஸ்வரியக்காவின் புருசன் முதல் பஸ்ஸில் வந்து குடையோடு காத்துக்கொண்டிருந்தார். கேஸ் இல்லை என்று சொல்லி அனுப்பியதும் அந்த மனுசன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பெரிய உபகாரம் செஞ்சீங்கய்யா. நீங்க வந்து சொல்லலன்னா எங்க கதி என்னாகியிருக்கும்?”

அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவருக்குப் பின்னால் நின்றார், ஒரு இரவு பொலிசில் இருந்த அதே சேலையோடு, வெறும் காலோடு. நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்ததைக் கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து முதலாளி வீட்டில் இருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். நடைக் கெமரா படம் காட்டவில்லையாம். நான் போனேன். ஆமாம், போனேன். கோபம் ஆறிவிட்டது போல, கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சந்தோசமாகவே போனேன். குசினியில் புதிதாக ஒரு பிள்ளை நின்றது. முதலாளியம்மா நடையில் வந்தார். கழுத்தில் அட்டியல்.

எனக்கு அடையாளம் தெரியும். அவர் சார்ஜன்டிடம் நகையின் அடையாளத்தை எழுதிக் கொடுத்தபோது நானும் அங்கேதான் நின்றேன். சிவப்புக் கல் வரிசை, நடுவில் ஒரு கல் மட்டும் விழுந்து வேறு நிறத்தில் பதித்தது.

“அம்மா, அது கெடச்சிருச்சுங்களா?”

“ஓ, இதுவா? பீரோவுக்குப் பின்னால விழுந்து கெடந்துச்சு. போன மாசம் சுத்தம் பண்ணும்போது கெடச்சிச்சு.”

“ராஜேஸ்வரியக்காவுக்குச் சொல்லிட்டீங்களாம்மா?”

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “அவளுக்கு எதுக்கு? அவதான் போயிட்டாளே.”

நான் வேலை ஆயுதப் பெட்டியை மூடினேன். கெமராவைப் பார்க்கவில்லை. “வேற ஆளப் பாத்துக்குங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். அந்த அம்மாவின் மேல் வந்த கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது என்று தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியா பஸ் ஏறினேன். லயத்தைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். ராஜேஸ்வரியக்கா பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குடத்தை இறக்கி வைத்தார்.

அட்டியல் கிடைத்ததைச் சொன்னேன். பிறகு, “அக்கா, அன்னைக்கு நேரம் தப்புன்னு எனக்கு...” என்று தொடங்கினேன்.

“தெரியும்” என்றார். “நீங்க ஹரின்னு சொன்னப்ப நான் ஒங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு தம்பி.”

“மன்னிச்சிருங்கக்கா.”

“எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது? நான் எடுக்கலன்னு எனக்கே தெரியும்.” குரல் உயரவில்லை. “டவுன்ல ஒரு வீட்டுலயும் வேல குடுக்க மாட்டேங்கிறாங்க. இங்க வந்து பழையபடி வேலைக்குப் பேர எழுதுங்கன்னு கேட்டா, களவு கேஸ்ல பொலிசுக்குப் போன ஆள எழுத முடியாதுங்கிறாரு கணக்கப்பிள்ள. மகளுக்கு ஸ்கூல்ல என்ன பேச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? மன்னிப்பு கேக்கணும்னா நாளைக்குக் காலையில பெரட்டுல வந்து கேளுங்க. எல்லார் முன்னுக்கும். கணக்கப்பிள்ள காதுல விழுற மாதிரி.”

அன்றைக்கு மஸ்கெலியா டவுனிலேயே தங்கினேன். திங்கட்கிழமை காலை வேலை பிரிக்கிற நேரத்துக்குப் பெரட்டுக் களத்துக்குப் போனேன். பனி விலகவில்லை. கூடையோடு பெண்கள், கத்தியோடு ஆண்கள், நடுவில் வேலைக்காரர் பேர் பதிகிற செக்ரோல் புத்தகத்தோடு கணக்கப்பிள்ளை. ஒரு பேச்சுக்கு அனுமதி கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சீக்கிரம் சொல்லுங்க, வேலைக்கு நேரமாகுது” என்றார்.

நான் பிறந்த லயத்தைப் போலவே ஒரு லயம். என் அம்மாவைப் போலவே கூடை மாட்டின பெண்கள். அவர்கள் முன்னால் நின்று, ஒரு வெள்ளிக்காசு அளவு பெட்டரியைப் பற்றிச் சொன்னேன். நான் அதை மாற்றாமல் விட்டதைச் சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சொன்னேன். நகை பீரோவுக்குப் பின்னால் கிடைத்ததைச் சொன்னேன்.

ஒரு ஆள் கேட்டார். “அப்ப, நேரம் தப்புன்னு தெரிஞ்சேதான் சரின்னு சொன்னீங்களா?”

“தெரிஞ்சேதான்.”

“ஏன்?”

“பயத்துல.”

யாரும் ஏசவில்லை. குடையோடு ராஜேஸ்வரியக்காவின் புருசனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அன்றைக்கு என் கையைப் பிடித்த மனுசன். இப்போது அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

பின் வரிசையில் இருந்து ஒரு பெண் கேட்டார். “அது சரிங்க. அந்த அட்டியல மாட்டிக்கிட்டு இருக்கிற அம்மா எங்க? அவங்க வரலியா?”

கூட்டத்தில் பல தலைகள் அந்தப் பெண் பக்கம் திரும்பின.

கணக்கப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். “சரி, சரி. தொரைக்கிட்டப் பேசிப் பாக்குறேன்.”

அப்போதுதான் ராஜேஸ்வரியக்கா முன்னால் வந்தார். கூடையும், கொழுந்து எடுக்க இடுப்பில் கட்டுகிற படங்கும் கொண்டுதான் வந்திருந்தார். இன்றைக்கு என்ன நடக்க வேண்டும் என்று வீட்டில் இருந்து புறப்படும்போதே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

“இன்னைக்கே என் பேர எழுதுங்க, கணக்கப்பிள்ள. தொரைக்கிட்ட நாளைக்குப் பேசிக்குங்க. என்னைக் கள்ளின்னு சொல்ல ஒரு வார்த்த போதும்னா, இல்லைன்னு சொல்றதுக்கும் அது போதும்.”

“அதானே!” என்று ஒரு குரல். பிறகு இன்னொன்று. பிறகு நிறைய.

கணக்கப்பிள்ளை சுற்றிலும் பார்த்தார். புத்தகத்தை விரித்து, பேனா மூடியைக் கழற்றினார். அவர் எழுதி முடிக்கும்வரை ராஜேஸ்வரியக்கா அந்தத் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுத்து காய்ந்த பிறகு, படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மற்றப் பெண்களோடு மலைக்கு ஏறினார்.